அடுக்குக் கட்டில் வாங்குமுன் அண்ணாந்து பாருங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டிலைப் பொருத்தி முடித்துவிட்டு ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். யார் மேலே ஏறுவது என்று பிள்ளைகள் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அறை வாசலில் நின்ற அம்மா கட்டிலைப் பார்க்கவே இல்லை, அண்ணாந்து பார்த்தார். "ஏண்டா, இவ மேல உக்காந்து கையத் தூக்குனா ஃபேன்ல படாதா?" என்று கேட்டார். கடையில் மரத்தைக் கேட்டோம், நிறத்தைக் கேட்டோம், இழுப்பறை எத்தனை என்று கேட்டோம். மின்விசிறியைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அன்றிரவு புதுக் கட்டில் காலியாகக் கிடக்க, பிள்ளைகள் வழக்கம்போல் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

அடுக்குக் கட்டில் பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகளில் மின்விசிறி ஒரு வரியில் வந்து போகும். நம் வீட்டில் அதுதான் முதல் வரி. அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்காது, உங்கள் அறையின் கூரையில் தொடங்கும்.

முதல் படி: டேப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போங்கள்

நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளின் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. நடுவில் மின்விசிறி. சாதாரண 48 அங்குல விசிறிக்கு, நடுவிலிருந்து இறக்கை நுனிவரை 2 அடி. இப்போது கணக்குப் போடுவோம்.

12 அடி நீளச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டால், அந்தச் சுவரிலிருந்து விசிறியின் நடுப்பகுதி 5 அடி, இறக்கை நுனி 3 அடி. கட்டிலின் அகலமோ சட்டத்தோடு சேர்த்து மூன்றேகால் அடி. அதாவது இறக்கை கட்டிலுக்கு மேலேயே சுற்றும். 10 அடிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டால் இறக்கை நுனி சுவரிலிருந்து 4 அடியில் இருக்கும். கட்டில் விளிம்புக்கும் அதற்கும் இடையில் மிஞ்சுவது 9 அங்குலம். எட்டு வயதுப் பிள்ளையின் கை அதைவிட நீளம்.

உயரத்திலும் தப்பிக்க வழியில்லை. கூரை ஒன்பதரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கம்பியில் தொங்கும் விசிறியின் இறக்கை தரையிலிருந்து ஏறக்குறைய எட்டேகால், எட்டரை அடியில் சுற்றும். மேல் மெத்தையின் மேற்பரப்பு 5 அடி. நாலு அடிக்குச் சற்றுக் கூடுதல் உயரமுள்ள பிள்ளை அதில் எழுந்து நின்றால் தலை 9 அடியைத் தாண்டிவிடும். நிற்கக்கூட வேண்டாம், உட்கார்ந்து சோம்பல் முறித்தாலே விரல் நுனி இறக்கை மட்டத்துக்குப் போய்விடும்.

"மேலே நிற்கக் கூடாதுன்னு சொல்லிவைப்போம்" என்று கடைக்காரர் சொல்வார். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எழும்போது அந்தப் பேச்சு நினைவிருக்காது. கட்டிலின் வெளி விளிம்புக்கும் இறக்கை நுனிக்கும் குறைந்தது 4 அடி இடைவெளி என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. எட்டிச் சாய்ந்து கையை நீட்டினாலும் படக்கூடாது, அவ்வளவுதான். 10க்கு 12 அறையில், விசிறி நடுவில் இருக்கும்வரை இந்த 4 அடி கிடைக்கவே கிடைக்காது.

அப்படியானால் என்ன செய்வது? 36 அங்குலச் சின்ன விசிறிக்கு மாறலாமே என்று யோசித்தேன். அரை அடிதான் கூடுதலாகக் கிடைக்கிறது, போதாது. விசிறியின் கொக்கியையே அறையின் மறுபாதிக்கு நகர்த்தலாம். அதற்குக் கான்கிரீட்டில் துளை போட்டு ஃபாஸ்டனர் அடிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வேண்டும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். நாங்கள் கடைசியில் செய்தது, கூரை விசிறியைக் கழற்றி மூடி போட்டுவிட்டு, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கம்பிக் கூண்டுள்ள சுவர் மின்விசிறியை மாட்டியதுதான். ஆறடி உயரத்தில் இருந்தால் மேலும் கீழும் காற்று போகிறது. கூண்டின் கம்பிகள் நெருக்கமாக இருக்கட்டும், கயிறு இழுத்துப் போடும் வகை வேண்டாம்.

விசிறி முடிந்ததா, அப்புறம் பரண். நம் படுக்கையறைகளில் ஏழடி உயரத்தில் கான்கிரீட் லாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலை அதற்குக் கீழே தள்ளினால் மேல் மெத்தைக்கும் லாஃப்ட்டின் அடிப்பகுதிக்கும் இரண்டடிதான் இருக்கும். பிள்ளையால் உட்கார முடியாது, காலையில் எழும்போது நெற்றி இடிக்கும். ஏசி இருந்தால் அதன் கீழும் வேண்டாம். குளிர்க்காற்று நேரே முகத்தில் அடிக்கும், என்றைக்காவது தண்ணீர் சொட்டும். ஜன்னல் பக்கத்தில் போட வேண்டிய நிலை என்றால் கிரில் இருந்தாக வேண்டும். ட்யூப்லைட், சுவிட்ச் பலகை, தொங்கும் ஒயர் எதுவும் மேலே படுப்பவரின் கைக்கு எட்டக்கூடாது.

இத்தனையும் பார்த்துவிட்டு, இந்த அறைக்கு இது ஒத்துவராது என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவே. கீழே சக்கரம் வைத்த இன்னொரு கட்டிலை உள்ளே தள்ளி வைக்கும் வகை உண்டு. இரவில் இழுத்துக்கொள்ளலாம், விழுந்தாலும் ஓரடி.

இரண்டாம் படி: மேலே யார்?

அமெரிக்காவில் விற்கும் அடுக்குக் கட்டிலில், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேலே படுக்கவிடக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 9 வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஆஸ்திரேலியக் கணக்குதான் பிடித்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏறத் தெரியும், நடுராத்திரி மூத்திரம் முட்டும்போது இறங்கத் தெரியாது.

வயதைத் தாண்டியும் பார்க்க வேண்டியவை உண்டு. தூக்கத்தில் நடக்கும் பழக்கம், வலிப்பு, படுக்கையில் புரண்டு புரண்டு படுப்பது, இன்னும் படுக்கையை நனைப்பது, இவற்றில் எது இருந்தாலும் கீழ்க் கட்டில்தான். மேலே போக ஆசைப்படுவது சின்னவனாகத்தான் இருப்பான், ரயிலில் மேல் பெர்த்துக்குச் சண்டை போட்ட அதே ஆள். "உனக்கு ஒன்பது முடியட்டும்" என்று தேதி குறித்துக் கொடுத்துவிட்டால் அழுகை சீக்கிரம் நிற்கிறது.

மூன்றாம் படி: உயரக் கணக்கு

கீழ் மெத்தையின் மேற்பரப்புக்கும் மேல் கட்டிலின் அடிப்பகுதிக்கும் இடையில் குறைந்தது 34 அங்குலம் விடுங்கள். 36 என்றால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு 30 போதும் என்பார்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவது நீங்கள், ஊரிலிருந்து வந்தால் கீழே படுப்பது பாட்டி. பெரியவர் ஒருவர் முதுகு வளைக்காமல் உட்கார 34 அங்குலம் வேண்டும். மேல் மெத்தைக்கும் கூரைக்கும் இடையிலும் அதே அளவு குறைந்தபட்சம்.

மொட்டை மாடிக்கு நேர்க்கீழே உள்ள வீடு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. சித்திரை, வைகாசியில் கூரை பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவெல்லாம் இறக்கும். தரையில் படுப்பவருக்கும் மேலே படுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஓர் ஏணியில் ஏறி, அந்த உயரத்தில் ஒரு இரவு பத்து நிமிடம் நின்று பாருங்கள், புரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் மேல் கட்டில் துணி மடித்து வைக்கும் இடம்.

நான்காம் படி: தடுப்பும் இடைவெளியும்

எல்லோரும் பயப்படுவது விழுவதற்கு. உயிரைப் பறிக்கும் ஆபத்து, பெரும்பாலும் யாரும் கவனிக்காத இன்னொன்று. சின்னப் பிள்ளையின் உடம்பு ஒல்லி, தலை பெரியது. தடுப்புக் கம்பிகளின் சந்தில், அல்லது சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில், கால் முதலில் வழுக்கி இறங்கும். உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். பிரிட்டன் 1987இலேயே இதற்கென்று தனி விதிகள் போட்டது. அமெரிக்காவில் 2000த்தில் கட்டாய விதி வந்தது. இரண்டும் முதன்மையாகக் குறிவைத்தது இந்த மாட்டிக்கொள்ளலைத்தான்.

அதனால் மேல் கட்டிலுக்கு நான்கு பக்கமும் தடுப்பு வேண்டும், சுவர் ஒட்டிய பக்கமும் சேர்த்து. "அந்தப் பக்கம்தான் சுவர் இருக்கே சார்" என்பது தவறான பதில். கட்டில் நாளடைவில் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் நகரும், பெருக்கும்போது நாமே நகர்த்துவோம்.

சந்து எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்க விதியில் உச்ச அளவு மூன்றரை அங்குலம், அதாவது 8.9 செ.மீ. பிரிட்டனின் விதி இன்னும் கறார், 6 முதல் 7.5 செ.மீ.க்குள். கடையில் டேப் கேட்டு நிற்க வேண்டாம். உங்கள் பர்ஸிலேயே அளவுகோல் இருக்கிறது: ஏடிஎம் கார்டின் நீளம் 8.56 செ.மீ. கார்டின் நீளப் பக்கத்தைச் சந்துக்குக் குறுக்கே பிடித்துத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் தொடாமல் உள்ளே போனால் அந்தக் கட்டில் வேண்டாம். வீட்டில் கிரிக்கெட் பந்து இருந்தால் அது இன்னும் நல்ல அளவு, அதன் குறுக்களவு ஏழு செ.மீ.க்குச் சற்று மேல். பந்து உரசிக்கொண்டு போகும் சந்துதான் சரியான சந்து.

கீழ்க் கட்டிலின் தலைமாட்டு, கால்மாட்டுக் கம்பிகளையும் இப்படியே பாருங்கள். அங்கே சந்து மூன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை தாராளமாகப் போய்வர 9 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுப்பட்ட அளவுதான் ஆபத்து. வளைவு வளைவாக, பூப்பூவாக அலங்கார வேலை செய்த இரும்புக் கட்டில்களில் இந்த நடு அளவுச் சந்துகள் நிறைய இருக்கும். அழகாகத்தான் இருக்கும், வேண்டாம்.

தடுப்பின் உயரத்தை மெத்தையைப் போட்ட பிறகு அளக்க வேண்டும். மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் என்பது அமெரிக்க அளவு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 16 செ.மீ., அதாவது ஆறேகால் அங்குலம். கடையில் காட்சிக்கு வைத்த கட்டிலில் மெத்தை இருக்காது, அல்லது இரண்டு அங்குலத்தில் ஒன்று கிடக்கும். வீட்டுக்கு வந்து எட்டு அங்குல மெத்தையைப் போட்டதும் தடுப்பு காணாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: மெத்தை

மேலே 4 அங்குலத்தோடு நிறுத்துங்கள். தேங்காய் நார் மெத்தையோ இலவம் பஞ்சோ, இரண்டுமே போதும். பிள்ளையின் எடைக்குக் கனமான ஸ்பிரிங் மெத்தை தேவையில்லை, மேலே தூக்கவும் முடியாது. நீள அகலத்தைக் கட்டிலின் உள்ளளவை வைத்துச் சொல்லுங்கள். 72, 75, 78 என்று மூன்று நீளத்தில் மெத்தை விற்கிறார்கள், "சிங்கிள் சைஸ்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. விரிப்பு எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். மேல் கட்டிலில் விரிப்பை மடித்துச் செருகுவது தினமும் முட்டிபோட்டுச் செய்யும் தவம்.

ஆறாம் படி: ஏணி

நேர்செங்குத்தாக, உருண்டைக் குழாயில் செய்த ஏணிதான் விலை மலிவு. வெறுங்காலில் ஏறிப் பாருங்கள், பாதம் வலிக்கும். வலிக்கிற ஏணியில் பிள்ளை இறங்காது, குதிக்கும். படிகள் தட்டையாக, இரண்டரை மூன்று அங்குல அகலத்தில் இருக்கட்டும். படிக்குப் படி 9 முதல் 12 அங்குலம். ஏணி கட்டிலோடு போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும், சும்மா மாட்டிவைக்கும் கொக்கி நழுவும். மேலே ஏறி முடிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி அவசியம். ஏறும் வாசல் 12 முதல் 15 அங்குலம் போதும், அதைவிட அகலமானால் உருண்டு விழும் வாசலாகிவிடும்.

படிக்கட்டு வைத்து, ஒவ்வொரு படியிலும் இழுப்பறை வைத்தவை வந்திருக்கின்றன. பாதுகாப்பில் அவைதான் மேல். ஆனால் நீளவாக்கில் இன்னும் ஒன்றரை அடியாவது கேட்கும். முதல் படியில் அளந்த அறையில் அது அடங்குமா என்று மறுபடி பாருங்கள்.

ஏழாம் படி: கடையா, பட்டறையா, ஆசாரியா?

கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையைக் கேளுங்கள். அடுக்குக் கட்டிலுக்கென்றே ஐஎஸ் 17636 என்ற இந்தியத் தரம் 2022இல் வந்திருக்கிறது. மேல் கட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், அதில் மெத்தையின் எடையும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பிறகு வெட்கப்படாமல் கட்டிலின் மூலையைப் பிடித்து உலுக்குங்கள். கடையில் ஆடுகிற கட்டில் வீட்டில் ஊஞ்சல். பார்ட்டிகிள் போர்டில் செய்த சட்டத்தை இதற்கு வாங்கவே வேண்டாம். இரண்டு முறை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. வீடு மாறுபவர்களுக்கு இது தலைவலி மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

வெல்டிங் பட்டறையில் செய்தால் கால்களுக்கு 16 கேஜ் ஸ்கொயர் பைப் கேளுங்கள். அவர்கள் 18 போதும் என்பார்கள். எண் கூடக்கூடத் தகடு மெல்லிசு என்பதை நினைவில் வையுங்கள். வெல்டிங் பிசிறு எல்லா இடத்திலும் ராவி எடுத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், குறிப்பாகப் பிள்ளையின் முழங்கை படும் இடங்களில். குழாயின் வாய்களுக்கு மூடி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குளவி குடிவந்துவிடும். கடற்கரை ஊர் என்றால் பவுடர் கோட்டிங் செய்வது நல்லது. பெயின்ட்தான் அடிப்பது என்றால், டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது, அது டப்பாவில் அச்சிட்டிருக்கும். பட்டறை மூலையில் கிடக்கும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் கட்டில் சட்டத்தைக் கடிப்பார்கள். சிரிக்காதீர்கள், எங்கள் கட்டிலில் பல் தடம் இருக்கிறது.

ஆசாரியிடம் செய்வது எனக்குப் பிடித்த வழி, உங்கள் அறைக்கு ஏற்ப உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆசாரிகள் சாதாரணக் கட்டில் செய்தே பழகியவர்கள், அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது:

- தடுப்பு: நான்கு பக்கமும், பலகைக்கு மேல் 11 அங்குலம் (4 அங்குல மெத்தை போக 7 மிஞ்சும்)
- தடுப்புச் சட்டங்களுக்கு இடையே சந்து: 7 செ.மீ.
- ஏறும் வாசல்: 14 அங்குலம்
- கீழ் மெத்தைக்கும் மேல் கட்டிலின் அடிக்கும் நடுவே: 34 அங்குலம்
- மேல் பலகை: குறுக்குச் சட்டங்கள் மேல், ஸ்க்ரூ போட்டு இறுக்கியது
- எல்லா மூலையும் உருட்டியது

ஐந்தாவது வரியை அடிக்கோடிட்டுக் கொடுங்கள். மேல் பலகையைச் சும்மா சட்டத்தின் மேல் வைத்துவிடுவது வழக்கம். கீழே படுக்கும் தம்பி இரண்டு காலாலும் அக்காவின் மெத்தையை உதைக்காமல் இருக்கமாட்டான். இறுக்காத பலகை ஒருநாள் எம்பி, விலகி, அவன் மேலேயே விழும்.

எட்டாம் படி: பொருத்தும்போதும் அதன் பிறகும்

முதலில், நீள அகலப் பலகைகள் உங்கள் லிஃப்ட்டில் நுழையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்தும்போது பக்கத்தில் இருங்கள். கடைசியில் மிஞ்சும் நாலு போல்ட்டை "இது எக்ஸ்ட்ரா சார்" என்று கையில் கொடுத்தால், கட்டிலோடு வந்த பொருத்தும் படத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். கட்டிலை எல்-கிளாம்ப் வைத்து இரண்டு இடத்தில் சுவரோடு பிணைப்பது நல்லது. சுவர் செங்கல்லா, இலேசான ஏஏசி கல்லா என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற பிளக் போடுங்கள். ஏஏசி கல்லில் சாதாரண பிளக் உருவிக்கொண்டு வந்துவிடும்.

இனி வீட்டு விதிகள். மேல் கட்டிலில் கயிறு, துப்பட்டா, பெல்ட், துண்டு எதையும் கட்டக் கூடாது. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும்போது துப்பட்டாதான் கதவு, அது கழுத்தில் சுருக்காக விழ ஒரு நொடி போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சட்டத்தில் தூளி கட்டும் யோசனை யாருக்காவது வரும். கூடவே கூடாது, கட்டில் ஆட்டுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. கொசுவலையும் மேல் கட்டிலுக்கு வேண்டாம், அதன் கயிறும் சிக்கல்தான். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

மேலே ஒரு நேரத்தில் ஒருவர்தான். மே மாதம் சித்தி, அத்தை பிள்ளைகள் வந்து இறங்கும்போது இந்த விதி முதல் நாளே உடையும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு வாரம் ஏணியின் போல்ட்டைக் கழற்றி ஏணியைப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம். நடக்கப் பழகும் குழந்தை வீட்டுக்கு வந்தாலும் அதேதான். ஏணியைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும், முதுகைக் காட்டி அல்ல, என்பதைப் பகலில் பத்து முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். பிறகு ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஏணியின் அடியில் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும்.

முதல் மாதம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போல்ட்டை இறுக்கும் ஆலன் கீயைக் கட்டிலின் பின்கால் ஒன்றில் டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். இரவில் கிரீச் என்று சத்தம் வர ஆரம்பித்தால், மூன்று மாதம் ஆகாவிட்டாலும், மறுநாள் காலையிலேயே டேப்பைப் பிரித்து அந்தக் கீயை எடுக்கிறேன்.